செய்கூலியும் சேதாரமும்: தனித்தொழில் அனிமேஷனுக்கு நியாய விலை எது?

தனியாக இருந்து கணினி அனிமேஷன் வேலை செய்கிற கலைஞரைத் தேடி வரும் வாடிக்கையாளர், கதை என்ன, பாத்திரங்கள் எத்தனை, படம் எங்கே ஓடப்போகிறது என்னும் விவரங்களில் ஒன்றையேனும் சொல்வதற்கு முன்னரே, "விநாடிக்கு என்ன ரேட்?" என்று கேட்டுவிடுகிறார். கேட்பவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. தொலைக்காட்சியில் விளம்பர நேரம் பத்து விநாடிக் கணக்கில் விற்கப்படுகிறது. யூடியூபில் ஓடும் விளம்பரத்தின் நீளமும் விநாடியிலேயே அளக்கப்படுகிறது. ஆகவே படத்தை வாங்குகிறவர் தாம் பழகிய அளவுகோலைக் கொண்டே படத்தைச் செய்கிறவரின் உழைப்பையும் அளக்க முற்படுவது இயல்புதான். ஆயினும் அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட்ட கணத்திலேயே கலைஞர் தம் ஜீவனத்துக்குப் பாதகமான ஓர் உடன்படிக்கைக்குள் புகுந்துவிடுகிறார் என்பதும், அந்த எண் பெரிதா சிறிதா என்பது இரண்டாம்பட்சமான விஷயம் என்பதும் என் அபிப்பிராயம். வேலையில் முன்கூட்டித் தெரிய முடியாத பகுதி எது, அதன் நஷ்டத்தை யார் ஏற்பது என்னும் கேள்விக்கு விடை காணாமல் சொல்லப்படும் எந்தத் தொகையும், எவ்வளவு தாராளமாகத் தோன்றினாலும், நியாய விலை ஆகாது.

ஒரு விநாடி அனிமேஷன் என்பது 24 படங்கள்; தொலைக்காட்சிக்கானால் 25. 24 என்ற கணக்கில் முப்பது விநாடி விளம்பரத்துக்கு 720 படங்கள். ஆனால் இந்த 720 படங்களும் ஒரே விதமான உழைப்பில் பிறப்பவை அல்ல. ஒரு பாத்திரம் வெறும் பின்னணியில் நின்றபடி இருபது விநாடி பேசுகிற காட்சியை இரண்டு மூன்று நாட்களில் முடித்துவிடலாம். மழையில் நனைந்த தெருவில் பத்துப் பேர் குடையை விரித்துக்கொண்டு ஓடுகிற நான்கு விநாடிக் காட்சியோ இரண்டு வாரங்களை விழுங்கிவிடக்கூடும். உழைப்பில் ஒரு பெரும் பங்கு நடிப்பை அசைவாக்கும் கட்டத்திலே இல்லாமல், அதற்கு முந்தைய கட்டங்களிலே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது: ஸ்டோரிபோர்டு வரைவதும், அதைக் கால அளவோடு கோத்து அனிமேட்டிக் ஆக்குவதும், பாத்திரத்தின் மாடலைச் செதுக்குவதும், அந்த மாடலுக்குள் எலும்புகளையும் கட்டுப்பாடுகளையும் பொருத்தி ரிக் செய்வதும் விநாடிக் கணக்கில் அடங்காத வேலைகள். பத்து விநாடிப் படத்துக்கும் ரிக் ஒன்றுதான். பத்து நிமிஷப் படத்துக்கும் ரிக் ஒன்றுதான்.

எண்ணிக்கைக்குக் கூலி தரும் இந்த வழக்கம் கணினி வருவதற்கு முன்பே வேரூன்றியது. ஜப்பானில், முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரையும் இளம் ஓவியருக்கு ஓவியம் ஒன்றுக்குச் சுமார் 200 யென் என்ற கணக்கிலேயே நெடுங்காலமாகக் கூலி தரப்பட்டு வந்திருக்கிறது. அந்நாட்டு அனிமேஷனின் உலகப் புகழையும் அதை வரைந்தவர்களின் வறுமையையும் ஒருசேரப் பார்ப்பவர்கள் இதன் காரணத்தை 1963ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுண்டு. அவ்வாண்டில் டெஸூகா ஒசாமு தம் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரைத் தயாரிப்புச் செலவினும் குறைந்த விலைக்குத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். பாத்திரத்தின் உருவம் பொறித்த பொம்மைகளும் தின்பண்டங்களும் விற்பதால் வரும் உரிமைத்தொகை அந்த நஷ்டத்தை ஈடுசெய்யும் என்பது அவர் கணக்கு. அவரிடம் உரிமை இருந்ததால் அக்கணக்குக்கு ஓர் அர்த்தமும் இருந்தது. பின்னால் வந்தவர்களோ அவர் நிர்ணயித்த விலையை மாத்திரம் மரபாகப் பெற்றுக்கொண்டார்கள். உரிமை அவர்களுக்கு வந்து சேரவில்லை. மற்றொருவர் தம்முடைய விசேஷ சூழ்நிலையில் ஏற்றுக்கொண்ட குறைந்த விலையை, அச்சூழ்நிலை இல்லாதவர்களும் 'மார்க்கெட் ரேட்' என்று ஏற்றுக்கொள்ளும்படி நேர்வது நம் நாட்டிலும் நாள்தோறும் நடக்கிற காரியமாகையால், இந்தச் சரித்திரத்தை நாம் மறந்துவிடலாகாது.

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறாக அமைந்ததற்குக் காரணம், 1941ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்து ஓவியர்கள் கூலியையும் திரையில் பெயர் இடம்பெறுவதையும் முன்னிட்டு வேலைநிறுத்தம் செய்து சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு, சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கே உரியதாக இருந்தது. நம் நாட்டிலும் 1956இல் டிஸ்னியில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் பம்பாய் வந்து ஃபிலிம்ஸ் டிவிஷன் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்த காலத்தில் இக்கலை அவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகமாகவே இருந்தது. பின்னர்ச் சென்னையிலேயே பென்டாஃபோர் நிறுவனம், மனிதரின் அசைவுகளைப் பதிவுசெய்து பாத்திரங்களுக்கு ஏற்றும் முறையில் 'சிந்துபாத்' முழுநீளப் படத்தை உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாட்களில், அனிமேஷன் என்றால் பெரிய கட்டடமும் அதற்குள் வரிசை வரிசையாகக் கணினிகளும் மாதச் சம்பளமும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். தனியொருவர் வீட்டு அறையிலிருந்து முப்பரிமாணப் படம் செய்து விற்கலாம் என்ற நிலை அதற்குப் பின்னரே பரவலாயிற்று. அதற்குப் பெரிய உதவி செய்தது பிளெண்டர் என்னும் மென்பொருள். 2002இல் அதன் ஆக்கியோரான டான் ரூஸண்டால் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி அதன் மூலநிரலை விடுவித்து எல்லோருக்கும் பொதுவுடைமை ஆக்கினார். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதே மென்பொருளைக் கொண்டு செய்த 'ஃப்ளோ' 2025இல் ஆஸ்கார் விருது பெற்றது. கருவி இலவசமானதைக் கண்டு, உழைப்பும் ஏறக்குறைய இலவசமாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணுகிற வாடிக்கையாளர்கள் தோன்றியதும் இதே காலத்தில்தான்.

இனி, உழைப்பின் உண்மையான விலை எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்பதைப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் குடும்பச் செலவுள்ள ஒரு கலைஞரை உதாரணமாகக் கொள்வோம். அவர் அதை முப்பதால் வகுத்து, நாளொன்றுக்கு 1,300 ரூபாய் கிடைத்தால் போதும் என்று எண்ணுவாரானால், அதுவே அவர் செய்கிற முதற்பிழை. ஆண்டின் 365 நாட்களில் ஞாயிறுகள் 52 போகும். பண்டிகை, நோய், உறவினர் வீட்டு நல்லது கெட்டது ஆகியவற்றுக்கு 33 நாட்கள் வைத்தால் மிச்சம் 280. இந்த 280 நாளும் கூலி தருவன அல்ல. வேலை தேடி அலைவதற்கும், கொட்டேஷன் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதற்கும், பாக்கியை வசூலிப்பதற்கும், ஆண்டுதோறும் மாறுகிற மென்பொருளைக் கற்பதற்கும் 110 நாட்கள் கழிந்துவிடும் என்று வைத்துக்கொண்டால், விற்கத்தக்க நாட்கள் 170 மாத்திரமே. செலவிலோ குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,80,000. இரண்டு லட்ச ரூபாய்க் கணினியை நான்கு ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருப்பதால் ஆண்டுக்கு 50,000. மின்சாரம், இணையம், மென்பொருள் சந்தா, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு 60,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் முதுமைக்கும் 90,000. மொத்தம் 6,80,000 ரூபாயை 170 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வருகிறது. உத்தியோகத்தில் இருந்தபோது கணினியும் மின்சாரமும் சும்மா இருந்த நாளின் சம்பளமும் நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தன. தனித்தொழிலுக்கு வந்தபின் அவை யாவும் இவர் தோளில் ஏறிவிட்டன. 1,300 எங்கே, 4,000 எங்கே! இந்த இடைவெளியை அறியாமலே இளைஞர்கள் தொழிலில் இறங்கி, மூன்றாம் ஆண்டில் கடனோடு விலகிப்போவதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

இந்த நாட்கூலியைக் கொண்டு ஒரு பட்டுக்கடையின் முப்பது விநாடி விளம்பரத்தை மதிப்பிடுவோம். ஸ்டோரிபோர்டுக்கு 2 நாள், அனிமேட்டிக்குக்கு 1, மாடலுக்கும் ரிக்குக்கும் 5, அசைவுக்கு 5, ஒளியமைப்புக்கும், ஒவ்வொரு படத்தையும் கணினி கணித்து உருவாக்கும் ரெண்டருக்கும் 2, இறுதித் தொகுப்புக்கு 1, இரண்டு சுற்றுத் திருத்தங்களுக்கு 2 என்று 18 நாட்கள்; தொகை 72,000 ரூபாய். விநாடிக்கு 2,400 ஆகிறது. அதே கடை தீபாவளிக்குப் பின் பொங்கலுக்கும் அதே பாத்திரத்தை வைத்து இன்னொரு முப்பது விநாடிப் படம் கேட்குமானால், மாடலும் ரிக்கும் ஏற்கெனவே இருப்பதால் 13 நாட்களே போதும். 52,000 ரூபாயில் முடித்துவிடலாம். விநாடிக் கணக்கில் பேசினவர் முதற்படத்தில் தாம் நஷ்டப்படுவார், அல்லது இரண்டாம் படத்தில் வாடிக்கையாளரை நஷ்டப்படுத்துவார். நாட்கணக்கை விரித்துக் காட்டுகிறவரோ இரு படங்களிலும் இருவருக்கும் உண்மையாக நடந்துகொள்ள முடிகிறது.

ஆயினும் இந்தக் கணக்கில் மிகவும் பலவீனமான இடம், 'திருத்தங்களுக்கு 2 நாள்' என்று நான் எழுதிய இடமே. தனித்தொழில் அனிமேஷனில் கண்ணீர் சிந்தியவர்கள் அனைவரும் சிந்தியது இந்த இடத்தில்தான். கடை முதலாளி அனிமேட்டிக்கைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார். ஸ்டோரிபோர்டின்படி அந்தப் பெண் பாத்திரம் உதட்டைத் திறவாமல் கைகூப்பி வணங்குகிறாள். அவ்வளவுக்கு வேண்டிய முகமே ரிக்கில் பூட்டப்பட்டிருக்கிறது. படம் முழுவதும் ரெண்டராகி வந்தபின், முதலாளியின் மகன் வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் பல் தெரியச் சிரிக்க வையுங்கள், புடவைக் கரையையும் பச்சையிலிருந்து அரக்கு ஆக்கிவிடுங்கள், சின்ன கரெக்‌ஷன்தான்" என்கிறார். அவருக்கு அது சின்னதாகவே தோன்றும். அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் பல் தெரிவதற்குப் பல்லும் ஈறும் செதுக்கப்பட வேண்டும். சிரிக்கும்போது கன்னமும் கண்ணோரமும் எப்படி மடியும் என்பதற்குத் தனித்தனி வடிவங்கள் செய்து ரிக்கில் இணைக்கப்பட வேண்டும். பின்பு அசைவு மறுபடி. பின்பு ரெண்டர் மறுபடி. படம் ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் 720 படங்களுக்கு 60 மணி நேரம், அதாவது இரண்டரை நாள், ஒரே கணினி இரவும் பகலும் ஓடவேண்டும்; அந்த வேளையில் அதில் வேறு வேலை பார்க்கவும் முடியாது. கரையின் நிறத்தைத் தனி அடுக்காக முன்பே பிரித்து வைத்திருந்தால் அந்த ஒரு திருத்தம் அரை நாளில் முடியும். சிரிப்புக்கு அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. அனிமேட்டிக் கட்டத்தில் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்கக்கூடிய திருத்தம் இப்போது ஆறு நாட்களைக் கொண்டுபோகிறது.

இந்த ஆறு நாட்கள் யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றன என்பதே நம்முடைய கேள்வி. தொகை 72,000 என்று முடிந்துபோனதால் 18 நாள் 24 நாளாகிறது. நாட்கூலி 4,000 என்பது 3,000 ஆகிறது. ஆண்டு முழுவதும் இப்படியே நடந்தால் 170 நாட்களுக்கு 5,10,000 ரூபாய் வரும். குடும்பச் செலவு 4,80,000 போக மிஞ்சும் 30,000 ரூபாய் மின்சாரம், மென்பொருள் முதலிய செலவில் பாதிக்கே சரியாகும். கணினியை மாற்றும் பணமும் காப்பீடும் முதுமைச் சேமிப்பும் சத்தமில்லாமல் மறைந்துபோகின்றன. அவை உடனே வலிக்காத செலவுகளாகையால் கலைஞரும் சில ஆண்டுகள் தாம் நஷ்டப்படுவதையே உணராமல் உழைத்துக்கொண்டிருக்கிறார்.

நகைக்கடையில் இதே வாடிக்கையாளர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். தங்கத்தின் விலை வேறு, செய்கூலி வேறு, சேதாரம் வேறு என்று ரசீதில் தனித்தனியாக எழுதப்படுவதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். வேலைப்பாடு நுட்பமாக ஆக ஆகச் சேதார விகிதம் கூடும் என்பதும் நமக்குத் தெரியும். பேரம் பேசுவோம், ஆனால் சேதாரம் என்று ஒன்று கிடையாது என்று எவரும் வாதிடுவதில்லை. அனிமேஷனிலும் சேதாரம் உண்டு. எத்தனை நுட்பமான காட்சியோ அத்தனை அதிகமாக உண்டு. அதை ரசீதில் எழுதாமல் விட்டதே இத்தொழிலின் பெருந்தவறு என்பது என் கருத்து.

இத்தவறு ஏழைக் கலைஞரின் அறியாமையால் மட்டும் விளைந்ததென்று எவரேனும் எண்ணினால், ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் கதியை அவருக்கு நினைவூட்ட வேண்டும். புதுச்சேரியில் தொடங்குகிற 'லைஃப் ஆஃப் பை' படத்தில் ரிச்சர்டு பார்க்கர் என்னும் புலியை உயிரோடு நடமாட விட்ட நிறுவனம் அது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதம் 24ஆம் தேதி அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. விருது மண்டபத்துக்கு வெளியே கலைஞர்கள் கோஷமிட்டுக்கொண்டு நிற்க, உள்ளே விருது பெற்ற பில் வெஸ்டன்ஹோஃபர் தம் நிறுவனத்தின் துன்பத்தைச் சொல்ல வாயெடுத்தபோது 'ஜாஸ்' படத்தின் இசை எழும்பி அவர் பேச்சு அமிழ்ந்துபோயிற்று. நிறுவனம் வீழ்ந்ததற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல: வரிச்சலுகை தரும் நாடுகளின் போட்டி, படங்கள் தள்ளிப்போனதால் ஊழியர் சும்மா இருந்த காலம் முதலியன. ஆனால் அத்துறையினர் பலரும் சுட்டுவது, காட்சிகளுக்கு முன்கூட்டியே ஒரே தொகை பேசிவிட்டு, இயக்குநர் கேட்கும் மாற்றங்களையெல்லாம் அதே தொகைக்குள் செய்து தரும் ஏற்பாட்டைத்தான். நூற்றுக்கணக்கான நிபுணர்களையும் வழக்கறிஞர்களையும் கொண்ட நிறுவனத்தால் தாங்க முடியாத சுமையை, சாலிகிராமத்தில் ஓர் அறையில் ஒற்றைக் கணினியோடு இருக்கிற கலைஞர் தாங்குவார் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

வாடிக்கையாளர் பக்கத்து வாதத்தையும் கேட்டாக வேண்டும்; அது அற்பமானதன்று. சிறு வியாபாரி ஒருவர் விளம்பரத்துக்கென்று ஒதுக்கியது 50,000 ரூபாய்தான் என்றால், "நாட்கூலி இவ்வளவு, எத்தனை நாளாகும் என்று தெரியாது" என்று சொல்லுகிறவரிடம் அவர் எந்தத் தைரியத்தில் வேலையைக் கொடுப்பார்? மெதுவாக வேலை செய்கிறவருக்கு அதிகப் பணமும் கைதேர்ந்தவருக்குக் குறைந்த பணமும் கிடைப்பதுதான் நாட்கூலி முறையின் விளைவு என்றும் அவர் ஆட்சேபிக்கலாம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டபின் தொலைபேசியை எடுக்காத கலைஞர்களும் இல்லாமலில்லை. இவ்வாதங்கள் யாவும் மெய்யே. ஆகவேதான் வரம்பற்ற நாட்கூலியையும் நான் பரிந்துரைக்கவில்லை. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகையை நிச்சயித்து, அக்கட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதம் தந்தபின் அடுத்த கட்டத்துக்குப் போவது, சம்மதம் தந்த கட்டத்துக்குத் திரும்பிப்போக நேர்ந்தால் அதற்கு நாட்கூலி வாங்குவது என்னும் முறையே இருவருக்கும் பொருந்தும். இதனால் வாடிக்கையாளருக்குத் தம் செலவின் எல்லை தெரிகிறது. மனம் மாறினால் அதன் விலையும் முன்கூட்டியே தெரிகிறது. கலைஞரின் மெத்தனத்தாலோ பிழையாலோ வரும் திருத்தம் எத்தனை முறையானாலும் கலைஞரின் கணக்கிலேயே இருக்கவேண்டும். தெரியாத பகுதியின் சுமை, அதைத் தடுக்கும் சக்தி யாரிடம் இருக்கிறதோ அவரைச் சேர்வதே தர்மம். முதலாளியின் மகனை அனிமேட்டிக் கட்டத்திலேயே அழைத்துவந்து காட்டும் சக்தி கலைஞரிடம் இல்லை, முதலாளியிடம் இருக்கிறது.

வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் லாபத்துக்கேற்ப விலை கூறவேண்டும் என்னும் கட்சியும் இப்போது பலமாக இருக்கிறது. ஒரே படத்துக்குத் தெருமுனைக் கடையிடம் ஒரு விலையும் நூறு கிளையுள்ள கடையிடம் பத்து மடங்கும் கேட்பது அக்கட்சியாரின் நெறி. உழைப்பின் கூலியில் இந்தப் பேதம் காட்டுவதை நான் ஒப்பவில்லை. அதே 18 நாள் உழைப்புக்கு ஆளைப் பார்த்து விலை சொல்வது சந்தையின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். ஆனால் உபயோகத்தின் விஷயத்தில் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஒரு கடையின் முகநூல் பக்கத்தில் ஒரு மாதம் ஓடும் படமும், நாடெங்கும் தொலைக்காட்சியில் மூன்றாண்டு ஓடும் படமும், பையிலும் பலகையிலும் அச்சாகும் பாத்திரமும் ஒரே விலைக்கு உரியவை ஆகா. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்துத் தயாரிக்கச் சொன்ன திரைப்படத்துக்கு, மாறான உடன்படிக்கை இல்லாவிடில், செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆவார். எனவே உரிமையில் எதையேனும் தம்மிடம் நிறுத்திக்கொள்ள விரும்பும் கலைஞர் வேலை தொடங்குமுன்பே அதை எழுதிக்கொள்ள வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருந்தாலொழியச் செல்லாது என்றும், காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா என்றும் 19ஆம் பிரிவு கூறுகிறது. முடிந்த படத்தைத் தருவது ஒன்று. மாடல், ரிக், ப்ராஜெக்ட் ஃபைல் ஆகியவற்றைத் தருவது வேறொன்று. "ஃபைலையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்" என்று கடைசி நாளில் கேட்கப்படும்போது, பொங்கல் படத்தை வேறொருவரிடம் மலிவாகச் செய்துகொள்ளும் வசதியையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதை உணர்ந்து, அதற்கென ஒரு விலையைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுவது நலம்.

நியாய விலை பேசினால் போதாது, அது கைக்கு வந்து சேரவும் வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் 72,000 ரூபாய் அன்றைக்கே வந்த 72,000 ஆகாது. இதில் நம் கலைஞர்கள் பெரும்பாலும் பயன்படுத்தாத ஒரு சட்டம் இருக்கிறது. உத்யம் என்னும் அரசுப் பதிவு செய்துகொண்ட குறுந்தொழில் செய்பவருக்கு, அவர் தனியாளாக இருந்து சேவை அளிப்பவராயினும், 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். வழக்குமன்றம் ஏறாமலே இதற்கென்றுள்ள மன்றத்தில் முறையிடவும் வழி உண்டு. பதிவுக்குக் கட்டணமில்லை. ஆனால் வேலை எடுப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். இன்வாய்ஸில் பதிவு எண்ணையும் குறிப்பது நலம். மற்ற நாடுகளிலும் இத்திசையில் முயற்சிகள் நடந்துள்ளன. நியூயார்க் நகரில் 2017 முதல் 800 டாலருக்குக் குறையாத தனித்தொழில் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; தேதி குறிக்கப்படாவிடில் 30 நாளில் பணம் தரவேண்டும். ஜப்பானில் 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் எழுத்து நிபந்தனைகளையும் 60 நாள் வரம்பையும் விதிக்கிறது; ஓவியம் ஒன்றுக்கு இத்தனை யென் என்று வாழ்ந்த ஓவியர்களுக்கு அது தாமதமாக வந்த ஆறுதல்.

எல்லாக் கலைஞரும் கூடி ஒரு குறைந்தபட்ச விலைப் பட்டியல் வெளியிட்டால் என்ன என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. திரைத்துறையில் ஃபெப்சி சம்மேளனம் தயாரிப்பாளர்களோடு பேசித் தன் உறுப்பினர்களுக்குக் கூலி நிர்ணயிப்பதைக் கண்டு எழுகிற இயல்பான ஆசை இது. ஆனால் சுயேச்சையாகத் தொழில் நடத்துவோர் கூடி விலை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவோடு மோதக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 2022இல் தனியாளாகத் தொழில் செய்வோரின் கூட்டுப் பேரத்துக்குச் சில நிபந்தனைகளோடு இடமளித்தது. இங்கும் அத்தகைய விளக்கம் வேண்டும் என்று கோருவது நியாயமே. அதுவரையில் அமெரிக்காவின் கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்டு 1973 முதல் வெளியிட்டு வரும் கையேட்டைப்போல, நடப்பிலுள்ள கட்டணங்களையும் மாதிரி ஒப்பந்தங்களையும் தகவலாகத் தொகுத்துத் தருவதற்குத் தடையேதும் இருப்பதாகத் தோன்றவில்லை. விலையைச் சேர்ந்து நிர்ணயிக்க முடியாவிட்டாலும், விலை கணக்கிடும் முறையைச் சேர்ந்து கற்றுக்கொள்ள முடியும். 3,000 ரூபாய்க்கு முழுப்படமும் செய்து தருகிற மாணவரை ஏனைய கலைஞர்கள் கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவருக்கு 170 நாள் கணக்கைச் சொல்லிக் கொடுக்க எவரும் முன்வரவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இணையச் சந்தைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபைவர் போன்ற தளம் விற்பவரின் வருவாயில் நூற்றுக்கு இருபது எடுத்துக்கொள்கிறது. அதை நாட்கூலிக்குள் சேர்த்தே விலை கூறவேண்டும். செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் படம் செய்து தருகிறதே என்று விலையைக் குறைக்கக் கேட்பவர்களுக்கும், கட்டங்களாகப் பிரித்த கணக்கே தக்க பதில்: எந்தக் கட்டத்தில் அது நாட்களை மெய்யாகவே குறைக்கிறதோ அந்தக் கட்டத்தில் தொகையும் குறையட்டும். ஆனால் ஒரே பெண் முப்பது விநாடியும் அதே முகத்தோடும் அதே புடவைக் கரையோடும் இருக்கவேண்டும், மகன் கேட்டபடி மூன்றாம் விநாடியில் மாத்திரம் சிரிக்கவேண்டும் என்றால், அங்கே மனிதரின் நாட்கள் குறைவதாக இதுவரை தெரியவில்லை.

தமிழில் உடனடியாகச் செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது. பட்டுக்கடை முதலாளியும் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க தமிழில், இரண்டு பக்கத்துக்கு மேற்போகாத ஒப்பந்தப் படிவம் ஒன்றைக் கலைஞர்கள் சேர்ந்து ஆக்கவேண்டும். கட்டங்களும் அவற்றின் தொகைகளும் முதலில் வரட்டும். தொடங்குமுன் அட்வான்ஸ் எவ்வளவு, அனிமேட்டிக் சம்மதத்தின்போது எவ்வளவு, வாட்டர்மார்க் இல்லாத இறுதிப் படத்தைத் தருமுன் எவ்வளவு என்பது அடுத்து. தொகையில் அடங்கிய திருத்தச் சுற்று எத்தனை, அதற்குமேல் நாட்கூலி என்ன என்பதும், வேலை நடுவில் கைவிடப்பட்டால் முடிந்த கட்டம்வரை பணம் உண்டு என்பதும் அதன்பின். படம் எங்கே, எத்தனை காலம் ஓடலாம், ப்ராஜெக்ட் ஃபைல் சேருமா சேராதா என்பவை தனி வரிகளாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர் தரப்பில் சம்மதம் தரும் அதிகாரம் யாருக்கு என்பதைக் குறிக்க ஒரே ஒருவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே அவர் தேதியிட்டுக் கையெழுத்திடக் கட்டம் போட்டிருக்க வேண்டும்.